கரையாட்டம்

பக்கத்துக்கு நாற்பது ரிங்கிட் என்றார்கள், ஒப்புக்கொண்டேன்.
கெலுகோர் மேட்டில், இரண்டாம் மாடி ஆய்வுக்கூடம்.
டாக்டர் ஊய் நீட்டிய தாள்களில் இருபத்திரண்டு கேள்விகள்.
மலாயும் சீனமும் முடிந்துவிட்டன,
தமிழ்தான் பாக்கி.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்:
ஹேங்ஓவர்.

குடிக்க எத்தனை சொல் வைத்திருக்கிறோம்.
கள், தேறல், நறவு, மட்டு,
மப்பு, மயக்கம், கிறக்கம்.
பாணர்கள் விடிய விடியக் குடித்த மொழி இது.
மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் எவரும்
அதற்கொரு பெயர் வைக்கவில்லை,
வைத்திருந்தால் அந்த ஓலையைக் கரையான் தின்றிருக்கும்.

"போதை போன பிறகு வருவது" என்று இழுத்தேன்.
"அதுதானே சங்கதி" என்று திரையைத் திருப்பினார்.
நீலக்கோடு, இரத்தத்தில் இருக்கும் மது.
நள்ளிரவில் உச்சி, அப்புறம் சறுக்கல், விடியலில் தரை.
சிவப்புக்கோடு, அவர்கள் சொல்லும் அவஸ்தை.
நீலம் தரையைத் தொடுகிற இடத்தில்தான்
சிவப்பு தலை நிமிர்கிறது.

"ஏன் அப்படி?"
"பாதி தெரியும். மீதிக்குத்தான் இந்த எலிகள்" என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டு, "மனிதர்கள்" என்றார்.

சனிக்கிழமை காலை மனிதர்களைப் பார்த்தேன்.
முன்னிரவு அளந்து ஊற்றிய பிராந்தி,
அளந்து கொடுத்த தூக்கம்.
பச்சை விளக்கு எரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும்,
சிவப்பு எரிந்தால் சும்மா இருக்க வேண்டும்.
எல்லாரும் தோற்றது
சும்மா இருப்பதில்.

கல்யாண மண்டபங்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் பெலிக்ஸ் சவரிநாதன்,
"மண்டைக்குள்ள யாரோ மைக் டெஸ்ட் பண்றாங்க" என்றார்.
பத்து ஃபெரிங்கி விடுதியில்
நாளுக்குப் பதினாறு கட்டில் விரிக்கும் கோமளா
கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:
"என் மூளைக்கு இன்னும் விரிப்பு மாத்தலக்கா."
எழுதிக்கொண்டேன். எதுவும் தலைப்புக்கு ஆகாது.

கடைசி ஆள் அங்கமுத்து,
முப்பத்தோரு வருஷம் ஃபெரியில் கயிறு வீசியவர்.
ஊதச் சொன்னார்கள்.
சுழியம் புள்ளி சுழியம் சுழியம்.
"மெசின் நான் நல்லாருக்கேன்னு சொல்லுது" என்று சிரித்தார்.
காகிதக் கோப்பையில் கோப்பி ஓ
வட்ட வட்டமாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

தலைவலி? நாலு.
தாகம்? எட்டு.
வெளிச்சம் கூசுகிறதா?
"நீங்க கொஞ்சம் இப்படி வந்து ஜன்னலை மறைச்சு நில்லுங்க."

நின்றேன்.
கேட்காத ஒன்றை அந்த நிழலிலிருந்து சொன்னார்:
"பட்டர்வொர்த்துல எறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்தா
கட்டில் ஆடும்.
தண்ணி மேல நிக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியாது.
கரைக்கு வந்தாத்தான் ஆடும்.
இதுவும் அதான்."

ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: கரையாட்டம்.

பத்தொன்பதாவது கேள்வி.
செய்ததை நினைத்து வருத்தம் உண்டா, பத்துக்கு எத்தனை?
வெகுநேரம் தாளைப் பார்த்தார்.
"நேத்து செஞ்சதுக்கு மட்டுமா?"
நான் டாக்டரைப் பார்த்தேன்.
விதிப்படி இருபத்துநாலு மணி நேரம்.
"ஆமா, நேத்து மட்டும்."

"அப்போ சுழியம் போட்டுக்குங்க."

நூற்றைம்பது ரிங்கிட்டுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு
பசியாறக்கூட நிற்காமல் போய்விட்டார்.

குழு என் சொல்லை ஏற்கவில்லை.
அறிவியல் தொனி போதாதாம்.
அச்சில் வந்தது:
மது அருந்திய மறுநாள் ஏற்படும் உபாதைகள்.
ஒரு சொல்லுக்கு ஐந்து சொல்,
கூலி என்னவோ பக்கத்துக்குத்தான்.

வீடு தீவிலேயே இருந்தும்
அன்று மாலை ஃபெரி ஏறி அக்கரை போனேன்.
இறங்கி, ஜெட்டியில்
கால் இரண்டையும் சேர்த்து வைத்து
கொஞ்ச நேரம் நின்றேன்.
பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

தரை ஆடவில்லை.
ஒரு தடவைக்கெல்லாம் ஆடாது போல.